வீட்டுப் பட்டறையில் 100 மி.மீ. சைன் பார்: இடைவெளியை எப்படிப் பிடிப்பது?

கொழிஞ்சாம்பாறை_லேத் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். 100 மி.மீ. சைன் பார் (இரண்டு ரோலர் மேல் நிற்கும் பார்; ஒரு ரோலருக்கு அடியில் கணக்கிட்ட உயரம் வைத்துக் கோணம் அமைப்பது) ஒன்று சொந்தமாகச் செய்ய வேண்டும். இரண்டு வேலைக்குத் தேவை. ஒன்று, மோர்ஸ் 2, மோர்ஸ் 3 டேப்பர் (டிரில், சென்டர் செருகும் தரப்படுத்திய கூம்பு) கடைந்த பிறகு கோணம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க. இன்னொன்று, மில்லிங் வைஸைச் சின்னக் கோணத்தில் நிறுத்தி 1:50 ஜிப் (ஸ்லைடின் தளர்வை எடுக்கும் சரிவுப் பட்டை) சீவ.

கையில் இருப்பது: நாலரை அடி லேத், மில்-டிரில் மெஷின், 300 × 200 கிரானைட் சர்ஃபேஸ் பிளேட், 0–25 மற்றும் 75–100 மைக்ரோமீட்டர், 0.01 டயல் கேஜ் ஒன்று, 0.002 லீவர் டயல் ஒன்று. சர்ஃபேஸ் கிரைண்டர் இல்லை. ஸ்லிப் கேஜ் செட் (தேவையான உயரத்துக்கு அடுக்கும் துல்லிய எஃகுக் கட்டைகள்) இன்னும் வாங்கவில்லை.

கேள்விகள்:

ரோலர் மையத்துக்கு மையம் சரியாக 100.000 வர வேண்டும் என்கிறார்கள். என் மில்லின் ஹேண்டில் டயலை நம்பி இது வராது. வேறு வழி என்ன?

ரோலருக்கு டோவல் பின் நல்லதா, பழைய பேரிங்கில் இருந்து எடுத்த ரோலர் நல்லதா, அல்லது நானே கடைந்துகொள்ளலாமா?

பாடிக்கு என்ன இரும்பு? ஹார்டனிங் செய்தே ஆக வேண்டுமா? ரோலரை அரால்டைட் போட்டு ஒட்டினால் நிற்குமா?

---

கஞ்சிக்கோடு_பெஞ்ச் பதில்:

முதல் கேள்வியே தலைகீழாக இருக்கிறது தம்பி. அதை நேராக்கிவிட்டால் மற்றவை தானாகவே சுலபமாகும்.

சைன் பாரில் மூன்று பிழைகள் வரும். ரோலர்களின் இடைவெளி 100-இல் இருந்து விலகுவது ஒன்று. இரண்டு ரோலரும் ஒரே விட்டம் இல்லாமல் போவது இரண்டாவது. மேல்முகம் ரோலர்களின் அடிக்கோட்டுக்கு இணையாக இல்லாமல் போவது மூன்றாவது. முதல் பிழையைக் கணக்கில் கழித்துவிடலாம். இடைவெளி 100.037 என்று வந்தால் அதை பாரின் பக்கவாட்டில் பொறித்து வைத்துக்கொண்டு, உயரம் = 100.037 × சைன் கோணம் என்று போட்டால் முடிந்தது. 30 டிகிரிக்கு 50.000 போடுகிற இடத்தில் 50.018 போடுவீர்கள், அவ்வளவுதான். மற்ற இரண்டையும் அப்படிக் கழிக்க முடியாது. ரோலர் விட்டத்தில் 10 மைக்ரான் (0.01 மி.மீ.) வித்தியாசம் இருந்தால், நீங்கள் எந்தக் கோணம் வைத்தாலும் சுமார் 20 விநாடி (ஒரு டிகிரிக்கு 3600 விநாடி) பிழை கூடவே வரும். மேல்முகம் 10 மைக்ரான் சரிந்திருந்தாலும் அதே 20 விநாடி. அதனால் 100.000-ஐத் துரத்தாமல், உழைப்பு முழுவதையும் இணைத்தன்மையில் போடுங்கள்.

உங்கள் வேலைக்கு இது இன்னும் பொருந்தும். இடைவெளிப் பிழை கோணத்தின் டேன்ஜெண்ட்டோடு சேர்ந்து வளரும். 20 மைக்ரான் இடைவெளிப் பிழையைக் கணக்கில் எடுக்காமல் விட்டாலும் 10 டிகிரியில் 7 விநாடிதான். 30 டிகிரியில் 24, 45 டிகிரியில் 41. மோர்ஸ் டேப்பரோ 3 டிகிரிக்கும் கீழே.

இடைவெளியை அளக்க 100–125 மைக்ரோமீட்டர் வாங்க வேண்டாம், இருக்கிற 75–100 போதும். பாடியின் இரண்டு முனையிலும் கீழ்ப்பக்கம் ஒரு படி வெட்டுகிறோம். படியின் சுவரிலும் தளத்திலும் ரோலர் ஒட்டி உட்காரும். ரோலர் 20 மி.மீ. என்றால் சுவருக்குச் சுவர் 80 மி.மீ. வரும். சுவர்களுக்கு இடையே இருப்பது முழு உலோகம், மைக்ரோமீட்டர் நேராக உட்காரும். மைய இடைவெளி = சுவர் இடைவெளி + இரண்டு ரோலர் விட்டங்களின் சராசரி. ரோலர் விட்டத்தை 0–25-இல் அளந்துகொள்ளலாம்.

பாடிக்கு 25 × 25, நீளம் 110. படி ஆழம் 12, படியின் நீளம் ஒவ்வொரு முனையிலும் 15. ரோலர் தளத்தைத் தொடுவது சுவரில் இருந்து 10 மி.மீ. தள்ளி, சுவரைத் தொடுவது தளத்தில் இருந்து 10 மி.மீ. கீழே. அதனால் 12 ஆழத்தில் சுவர் இரண்டு மி.மீ. மிஞ்சி நிற்கும், ரோலர் பாடிக்குக் கீழே 8 மி.மீ. துருத்தும்.

வெட்டும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் மேல்முகத்தை முடித்துவிடுங்கள். பிறகு அந்த மேல்முகத்தைக் கீழே வைத்து பேரலலில் உட்கார்த்தி, இரண்டு படியையும் ஒரே பிடியில் வெட்ட வேண்டும். கடைசிக் கட்டுக்குக் குயிலை (மில் தலையில் கட்டரை ஏற்றி இறக்கும் பாகம்) லாக் செய்துவிட்டு, இடது படித் தளம், வலது படித் தளம் இரண்டையும் உயரம் தொடாமல் ஒரே ஓட்டில் எடுங்கள். நடுவில் குயிலை ஏற்றி இறக்கினால் அதே கோட்டுக்குத் திரும்பினாலும் 0.01, 0.02 மி.மீ. மாறிவிடும். எண்ட் மில் புதிதாக இருக்கட்டும், கடைசிக் கட்டு 0.1 மட்டும்.

உள் மூலையில் எண்ட் மில்லின் முனை ஆரம் மிஞ்சும். அங்கே ஹேக்சா பிளேடால் 45 டிகிரியில் ஒரு மி.மீ. ஆழம் கோடு இழுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிசிறும் தூசியும் அந்த மூலையில் தங்கும், ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் ரோலர் வேறு வேறு இடத்தில் உட்காரும்.

ரோலர் விஷயம். லேத்தில் கடைந்த ரோலர் வேண்டாம். இரண்டையும் 2 மைக்ரானுக்குள் சமமாகவும் உருண்டையாகவும் கொண்டுவர லேப்பிங் செய்ய வேண்டியிருக்கும். பழைய பேரிங் ரோலரும் வேண்டாம். அதில் முனைகளை நோக்கி விட்டம் சில மைக்ரான் இறங்கும்படிதான் செய்திருப்பார்கள், பேரிங்குக்கு அது தேவை, நமக்குக் கெடுதல். டோவல் பின் அருமையானது. 20 மி.மீ. டோவலின் விட்டம் 20.008 முதல் 20.021 வரை எதுவாகவும் இருக்கலாம். அது 20.000 இல்லையே என்று கவலைப்படாதீர்கள், இரண்டும் சமமாக இருந்தால் போதும். நாலைந்து வாங்கி அளந்து ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு சிக்கல், ஹார்டன் செய்த டோவலில் குறுக்கே ஓட்டை போட கார்பைட் டிரில் வேண்டும். அது இல்லையென்றால் கிரைண்ட் செய்த சில்வர் ஸ்டீல் கம்பி வாங்கி, அடுத்தடுத்த இரண்டு துண்டாக 25 மி.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். மென்மையானது, சாதா டிரில் ஏறும். வீட்டு உபயோகத்துக்குத் தேய்மானம் ஒரு பொருட்டே இல்லை. ஒரே கம்பி என்பதற்காக அளக்காமல் விடாதீர்கள். மூன்று இடத்தில் அளந்துவிட்டு, வி-பிளாக்கில் வைத்து டயலுக்குக் கீழே உருட்டியும் பாருங்கள். மும்முனையாக உருண்டை கெட்டிருந்தால் மைக்ரோமீட்டர் காட்டவே காட்டாது, வி-பிளாக் காட்டிவிடும்.

அரால்டைட் வேண்டாம். இறுகும்போது சுருங்கி ரோலரை ஒரு பக்கம் இழுக்கும், பிறகு கழற்றிச் சரிசெய்யவும் முடியாது. ஆலன் போல்ட்தான் முறை. ரோலரின் நடுவில் 45 டிகிரியில் எம்5 × 25 போல்ட், மூலையை நோக்கி. ரோலரில் ஓட்டை 6 மி.மீ. தாராளமாக இருக்கட்டும். தலை மறைய 9.5 விட்டத்தில் 8 ஆழம் கவுண்டர்போர். பாடியில் மூலையில் இருந்து டிரில் 12 ஆழம், டேப் 10. அதற்கு மேல் போனால் மேல்முகத்தின் அடியில் உலோகம் மெலிந்துவிடும். கவுண்டர்போர் விளிம்பில் பிசிறு எழும்பி நிற்கும், ஆயில் ஸ்டோனால் கட்டாயம் தேய்க்க வேண்டும். போல்ட்டை ஆலன் கீயின் குட்டைக் காலைப் பிடித்து இறுக்கும் அளவு போதும். நீட்டுக் காலைப் பிடித்து முறுக்கினால் ரோலரே வளையும்.

---

நகரி_ஃபிட்டர் பதில்:

கஞ்சிக்கோடு நண்பர் சொன்னதில் நூற்றுக்குத் தொண்ணூறு ஒத்துக்கொள்கிறேன். பாடி இரும்பு பற்றி அவர் தொடவில்லை, அதைச் சொல்கிறேன்.

பிரைட் பாரை வாங்கி நேராக மில்லில் ஏற்றாதீர்கள். குளிர்நிலையில் இழுத்த கம்பி அது, மேல்தோலில் இறுக்கம் உள்ளடங்கி இருக்கும். ஒரு பக்கம் மட்டும் 2 மி.மீ. சீவினால் அந்தப் பக்கத்து இறுக்கம் போய், மறுநாள் காலையில் வில் மாதிரி வளைந்திருக்கும். எடுப்பதானால் நாலு பக்கமும் சமமாக எடுங்கள். அரை மி.மீ. கூடுதலாக விட்டு, ஓட்டைகள் எல்லாம் போட்டு முடித்து, 550 முதல் 600 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து ஃபர்னஸிலேயே ஆறவிட்டு, அதற்குப் பிறகு கடைசிக் கட்டு.

என் ஓட்டு வார்ப்பிரும்புக்கு. கிரைண்டர் இல்லாத பட்டறையில் மட்டத்தைக் கையால் கொண்டுவர ஒரே வழி ஸ்கிரேப்பிங், அதற்கு வார்ப்பிரும்பு மாதிரி இசைவான உலோகம் கிடையாது. உடைந்த பழைய மெஷின் பாகம், பழைய ஆங்கிள் பிளேட் துண்டு எதுவானாலும் சரி. பழையது என்பதே நல்லது, உள் இறுக்கம் பெரும்பாலும் தளர்ந்திருக்கும். மேல்தோலில் மணலும் கடினப் பொருக்கும் இருக்கும், அந்த 3 மி.மீ.-ஐக் கழித்துவிட்டு உள்ளே இருப்பதைப் பயன்படுத்துங்கள். உங்கள் கிரானைட்டில் ப்ளூவை (பட்ட இடத்தைக் காட்டும் நீல மை) மெல்லிசாகத் தடவி, மேல்முகத்தை வைத்து அசைத்து எடுத்து, பட்ட இடத்தை மட்டும் சுரண்டிக்கொண்டே வாருங்கள். ப்ளூ கெட்டியாகப் பூசினால் படாத இடமும் பட்டது போலக் காட்டும். அதில் ஏமாந்துவிடக் கூடாது.

இப்போது இணைத்தன்மையைச் சோதிப்பது எப்படி என்று. ரோலர்களை மாட்டி பாரை சர்ஃபேஸ் பிளேட்டில் வையுங்கள். லீவர் டயலை ஸ்டாண்டில் பொருத்தி மேல்முகத்தின் இடது முனையில் சுழி வைத்து, வலது முனைக்கு நகர்த்திப் படியுங்கள். வலது பக்கம் 6 மைக்ரான் உயரம் காட்டுகிறது என்று வையுங்கள். அது பாரின் குற்றமா, பிளேட்டின் குற்றமா? பாரை அதே இடத்தில் 180 டிகிரி திருப்பி வைத்து மறுபடி அதே இரண்டு இடத்தில் படியுங்கள். இப்போது இடது பக்கம் 6 உயர்ந்தால் பிழை பாரோடு சேர்ந்து திரும்பியிருக்கிறது, பாரைத்தான் திருத்த வேண்டும். இன்னமும் வலது பக்கமே 6 உயர்ந்தால் பிளேட் அந்த இடத்தில் சரிந்திருக்கிறது, பாரைத் தொடாதீர்கள். வலது 6, திருப்பியதும் வலது 2 என்று வந்தால் இரண்டும் கலந்திருக்கிறது. கூட்டிப் பாதி எடுத்தால் 4 பிளேட்டுடையது, கழித்துப் பாதி எடுத்தால் 2 பாருடையது. இந்தத் திருப்பல் சோதனைக்கு எந்த உயர்தரக் கருவியும் வேண்டாம், சாதாரண பிளேட்டை வைத்தே பாரின் உண்மையைக் கறந்துவிடலாம்.

உயர்ந்த முனையைத் தாழ்த்த மேல்முகத்தைச் சுரண்டாதீர்கள், மட்டம் கெட்டுவிடும். அந்த முனையின் படித் தளத்தில் சுரண்டுங்கள். லேசான ஒரு சுற்றுக்கு 2, 3 மைக்ரான் போகும்.

முறுக்கையும் பாருங்கள். இரண்டு ரோலரும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் பார் நொண்டும். மூலைக்கு மூலை விரலால் அழுத்தினால் டக் டக்கென்று கேட்கும். காது நம்பகமான கருவி, ஆனால் 5 மைக்ரானுக்குக் கீழே அதுவும் சொல்லாது. மேல்முகத்தில் நாலு மூலையிலும் டயல் வைத்துப் படித்தால் தெரிந்துவிடும்.

---

கஞ்சிக்கோடு_பெஞ்ச் பதில்:

மேல்முகத்துக்கு ஸ்கிரேப்பிங் சரி. படித் தளத்துக்கு அது மட்டும் போதாது. ரோலர் தளத்தைத் தொடுவது ஒரே கோட்டில். சுரண்டிய தளத்தில் மேடும் குழியும் இருக்கும், அந்தக் கோட்டில் எத்தனை மேடு அகப்படும் என்பது நம் கையில் இல்லை. போல்ட்டை இறுக்க இறுக்க மேட்டின் நுனி நசுங்கி, ஆறு மாதத்தில் அளவு இரண்டு மூன்று மைக்ரான் நகரும். சுரண்டி அளவுக்குக் கொண்டுவந்த பிறகு, நல்ல மட்டமான ஆயில் ஸ்டோனைத் தளத்தின் மேல் பத்து பன்னிரண்டு முறை அழுத்தாமல் ஓட்டி நுனிகளை மழுக்கிவிடுங்கள். ப்ளூ தடவிய ரோலரைப் போல்ட் போட்டு இறுக்கிக் கழற்றினால் தளத்திலும் சுவரிலும் முழு நீளத்துக்குக் கோடு பதிந்திருக்க வேண்டும். சுவரில் கோடு விழாமல் தளத்தில் மட்டும் விழுந்தால் போல்ட் ஓட்டை விலகி ரோலரை வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம். ரோலரின் ஓட்டையை இன்னும் அரை மி.மீ. பெரிதாக்குங்கள்.

ஹார்டனிங் வேண்டும் என்று மனம் கேட்டால் ஓஎச்என்எஸ் (எண்ணெயில் ஆற்றிக் கடினமாக்கும் டூல் ஸ்டீல்) எடுத்து, கிரைண்டிங்கை வெளியே கொடுங்கள். கஞ்சிக்கோட்டிலோ கோவையிலோ ஜாப் கிரைண்டிங் செய்கிற பட்டறைக்குக் குறைவில்லை. அப்படியானால் எல்லா முகத்திலும் 0.3 விட்டு மில் செய்து, ஹார்டனிங், டெம்பரிங் முடித்துக் கொடுங்கள். கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லிக் கொடுங்கள். ஹார்டனிங்கில் வளைந்த பாரை மேக்னட் சக் கீழே இழுத்து நேராக்கிப் பிடிக்கும், சாணை பிடித்துக் கரண்ட்டை நிறுத்தியதும் பழையபடி வளைந்துகொள்ளும். அதனால் முதல் கட்டுக்கு அடியில் இடைவெளி இருக்கும் இடத்தில் ஷிம் வைத்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். அடுத்தது, மேல்முகம் முடிந்ததும் அதைச் சக்கில் கவிழ்த்து இரண்டு படித் தளத்தையும் ஒரே இறக்கத்தில் எடுக்க வேண்டும். கடைசியாக, டீமேக்னடைஸ் செய்து தர வேண்டும். காந்தம் மிஞ்சிய சைன் பார் பட்டறையில் இருக்கிற இரும்புத் தூள் எல்லாவற்றையும் ரோலருக்கு அடியில் சேர்த்துக்கொள்ளும்.

---

கொழிஞ்சாம்பாறை_லேத் பதில்:

மிக்க நன்றி அண்ணா, இருவருக்கும். இடைவெளியை அளந்து பொறித்துக்கொள்ளலாம் என்பது தெரியாமல் மில்லோடு மல்லுக்கட்டத் தயாராக இருந்தேன். பழைய வி-பிளாக் துண்டு ஒன்று வார்ப்பிரும்பில் இருக்கிறது, அதிலேயே செய்கிறேன்.

ஸ்லிப் கேஜ் எந்தத் தரம் போதும்? இங்கே மார்ச், ஏப்ரலில் பட்டறைக்குள் 38 டிகிரி வரை போகிறது. ஸ்லிப் கேஜின் அளவு 20 டிகிரிக்குத்தானே. ஏசி இல்லாமல் இதெல்லாம் வீண் வேலையா?

---

புளியரை_டூல்ரூம் பதில்:

வீண் வேலை இல்லை தம்பி. சைன் பாருக்கு வெயில் ஒரு எதிரியே இல்லை, சீரற்ற சூடுதான் எதிரி.

20 டிகிரி என்பது நீள அளவுக்கு 1931-இல் உலக அளவில் ஒப்புக்கொண்ட குறிப்பு வெப்பநிலை. 38 டிகிரியில் எஃகு ஸ்லிப் கேஜ் நிச்சயமாக நீளும், 50 மி.மீ.-க்குச் சுமார் 10 மைக்ரான். ஆனால் அதே 38-இல் பாரும் நீண்டிருக்கும். கோணம் என்பது உயரத்துக்கும் இடைவெளிக்கும் உள்ள விகிதம். இரண்டும் ஒரே விகிதத்தில் நீண்டால் கோணம் அசையாது. எஃகு பாருக்கு இது அப்படியே பொருந்தும், வார்ப்பிரும்பு விரிவதும் எஃகுக்குக் கிட்டத்தட்ட அதே அளவுதான், வித்தியாசம் உங்கள் வேலையில் தெரியாது.

கெடுப்பது எது என்றால் கை. 50 மி.மீ. அடுக்கை இரண்டு நிமிடம் உள்ளங்கையில் வைத்து (பசையில்லாமல் முகத்தோடு முகம் அழுத்தித் தேய்த்து) ஒட்டினால், பாரைவிட அது 5 டிகிரி கூடுதலாகச் சூடாகும் என்று வையுங்கள். 3 மைக்ரான் உயரம் கூடி, 30 டிகிரி கோணத்தில் 7 விநாடி போய்விடும். ஒட்டி முடித்து கிரானைட்டின் மேல் பாருக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். ஓட்டுக் கூரையில் இருந்து வெயில் கற்றை விழும் இடத்தில் பிளேட்டை வைக்காதீர்கள். பாரின் மேல்முகம் மட்டும் சூடானால் நடு எழும்பி முதுகு கூனும், எந்தக் கணக்கிலும் அதைக் கழிக்க முடியாது.

உங்கள் ஊருக்கு வெயிலைவிடப் பெரிய தொல்லை காற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மண்ணை வாரிக்கொண்டு வரும் நாட்களில் ஜன்னலை மூடிவிட்டு வேலை செய்யுங்கள். ரோலருக்கு அடியில் 10 மைக்ரான் தூசி ஒன்று சிக்கினால் 20 விநாடி, பாரை எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தாலும் சரி. ஒவ்வொரு முறையும் பிளேட்டை உள்ளங்கையால் கடைசியாக ஒரு முறை துடையுங்கள். துணி விட்டுவிடும் தூசியைத் தோல் கண்டுபிடிக்கும். கை ஈரமில்லாமல் இருக்க வேண்டும், உப்பு படிந்தால் ஸ்லிப்பில் ஒரே இரவில் துரு.

ஸ்லிப் கேஜ் தரம் 2 போதும். 87 துண்டு செட் வாங்குங்கள். 1.001 முதல் 1.009 வரை ஒன்பது, 1.01 முதல் 1.49 வரை நாற்பத்தொன்பது, 0.5 முதல் 9.5 வரை அரை அரையாகப் பத்தொன்பது, 10 முதல் 90 வரை ஒன்பது, 1.0005 ஒன்று. கடைசி இலக்கத்தில் இருந்து தொடங்கி அடுக்குவதுதான் முறை. 15 டிகிரிக்கு 25.882 வேண்டும். முதலில் 1.002, மிச்சம் 24.88. அடுத்து 1.38, மிச்சம் 23.5. பிறகு 3.5, 20. நாலு துண்டில் முடிந்தது. துண்டு குறைந்தால் ஒட்டுப் பிழையும் குறையும். ஒட்டிய அடுக்கை இரவு முழுக்க அப்படியே விடாதீர்கள், பிரிக்கும்போது முகத்தோடு பிய்த்துக்கொண்டு வரும்.

கால்குலேட்டரில் சைன் போடும்போது டிகிரி மோடில் இருக்கிறதா என்று 30 போட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். 0.5 வர வேண்டும். மொபைலில் பல கால்குலேட்டர் ரேடியனில் திறக்கும். 30-க்கு அது தெரிந்துவிடும், ஆனால் இரண்டு மூன்று டிகிரிக்கு ஏதோ ஒரு பின்னம் வரும், நம்பிவிடுவோம்.

45 டிகிரிக்கு மேல் சைன் பாரை வைக்காதீர்கள். அடுக்கில் 5 மைக்ரான் பிழை இருந்தால் தட்டையில் 10 விநாடி, 45-இல் 15, 60-இல் 21, 75-இல் 40. 60 டிகிரி வேண்டுமானால் 30 வைத்துவிட்டு ஆங்கிள் பிளேட்டின் மற்ற முகத்தில் இருந்து அளவு எடுங்கள்.

இன்னொன்று, சைன் பாரின் மேல் வைத்து எதையும் வெட்டாதீர்கள். வைஸைக் கோணத்தில் நிறுத்த, வைஸ் தாடையில் பேரலல் ஒன்றைப் பிடித்து, டயலால் ஒப்பிட்டு, பூட்டியதும் பாரை எடுத்து வைத்துவிட வேண்டும். 1:50 ஜிப்புக்கு அடுக்கு வெறும் 2.000, ஒரே துண்டு. இடைவெளி 100.04 ஆக இருந்தாலும் வித்தியாசம் ஒரு மைக்ரான்கூட வராது.

---

கொழிஞ்சாம்பாறை_லேத் பதில்:

கடைசியாக ஒன்று. மோர்ஸ் டேப்பர் கடைய காம்பவுண்ட் ஸ்லைடை (லேத்தில் கோணத்துக்குத் திருப்பக்கூடிய டூல் ஸ்லைடு) நிறுத்துவதும் சைன் பாரிலேயே செய்யலாமா? கடைந்ததைச் சோதிக்கும்போது முழுக் கோணமா, பாதிக் கோணமா என்று குழம்புகிறது.

---

நகரி_ஃபிட்டர் பதில்:

காம்பவுண்டுக்கு சைன் பார் தேவையில்லை, லேத்தே பெரிய சைன் பார்தான். நேரான மாண்ட்ரலை இரண்டு சென்டருக்கு நடுவில் பிடித்து, முதலில் டெயில்ஸ்டாக் நேராக இருக்கிறதா என்று கேரேஜை ஓட்டி டயலில் பாருங்கள். பிறகு டூல்போஸ்டில் டயலைச் சென்டர் உயரத்தில், மாண்ட்ரலுக்குச் செங்குத்தாகப் பொருத்தி, காம்பவுண்டை மட்டும் 50.00 மி.மீ. நகர்த்துங்கள். மோர்ஸ் 2-க்கு டயல் 1.248 மாற வேண்டும், மோர்ஸ் 3-க்கு 1.254. பேக்லாஷ் (ஸ்க்ரூவின் வெற்று அசைவு) எடுத்த பிறகு எண்ணத் தொடங்குங்கள், நகர்த்தும்போது ஒரே திசை. 0.01 டயலில் அரைக் கோடு தவறாகப் படித்தால் 20 விநாடி போகும். அதனால் இது கிட்டத்தில் கொண்டுவரும் வழி மட்டும். முடிவு சொல்வது சைன் பார்.

---

கஞ்சிக்கோடு_பெஞ்ச் பதில்:

சோதிக்கும்போது முழுக் கோணம். டேப்பரின் அடிக்கோடு பாரின் மேல் படுத்திருக்கும், மேல்கோடு அதற்கு முழுக் கோணத்தில் சரிந்திருக்கும். அந்தச் சரிவை பாரின் ஏற்றம் நேராக்க வேண்டும். அதனால் சிறிய முனை பாரின் உயர்ந்த பக்கம், பெரிய முனை தாழ்ந்த பக்கம். பெரிய முனைக்கு ஒரு தடுப்பு வையுங்கள், இல்லாவிட்டால் வழுக்கி வரும்.

100.000 இடைவெளிக்கு மோர்ஸ் 2 அடுக்கு 4.992, அதாவது 1.002, 1.49, 2.5. மோர்ஸ் 3 அடுக்கு 5.016, அதாவது 1.006, 1.01, 3. உங்கள் பாரின் இடைவெளி 100.037 என்றால் மோர்ஸ் 2-க்கு 4.994 ஆகும்.

டேப்பரின் அச்சு பாரின் நீளத்துக்கு இணையாக இருக்க, பாரின் பக்கவாட்டில் ஒரு பேரலலைச் சேர்த்து அதை ஒட்டிப் படுக்க வையுங்கள். லீவர் டயலைக் குறுக்கே மெதுவாக ஓட்டி, உச்சி எங்கே என்று பார்த்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 60 மி.மீ. தள்ளி அதே மாதிரி இன்னொரு உச்சி. இரண்டும் சமமானால் கோணம் சரி. 6 மைக்ரான் வித்தியாசம் என்றால் முழுக் கோணத்தில் 20 விநாடி பிழை. சிறிய முனை உயர்ந்திருந்தால் டேப்பர் தேவைக்குக் குறைவு, தாழ்ந்திருந்தால் கூடுதல்.

திருத்தும்போது காம்பவுண்டைத் திருப்ப வேண்டியது அந்தப் பிழையில் பாதி. உதாரணமாக 60 மி.மீ.-க்கு 12 மைக்ரான் வித்தியாசம் வந்தால், காம்பவுண்டில் 50 மி.மீ. நகர்வுக்கு 5 மைக்ரான் மட்டும் தட்டி நகர்த்துங்கள். காம்பவுண்டின் போல்ட்டை முழுதாகத் தளர்த்தாமல், லேசான பிடியில் வைத்துத் தாமிரச் சுத்தியால் தட்டினால் அந்த அளவுக்குக் கொண்டுவரலாம். இறுக்கிய பிறகு டயலை மறுபடி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், இறுக்கும்போதே அது 2, 3 மைக்ரான் நகர்வது வழக்கம்.